பொருத்தம் பார்க்கிறார்கள், முறை பார்க்கிறார்களா? டெல்டா திருமணத் தகவல் மையங்கள்: ஒரு மதிப்பீடு

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று டெல்டாவில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு திருமணத் தகவல் மையம் இருக்கிறது. ஜாதகத்தைக் கொடுத்துப் படிவத்தை நிரப்பினால் பொருந்துகிற வரன்களைப் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். பதிவுக்கு ஒரு கட்டணம், வரன் முடிந்தால் தனியாக ஒரு தொகை. இந்த மதிப்பீடு எந்தத் தனி மையத்தைப் பற்றியதும் இல்லை. படிவமும் மென்பொருளும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் அந்தச் சேவையையே எடுத்துக்கொள்கிறோம். பார்க்கப்போவது ஒரே ஒரு விஷயம்: கட்டக்கூடாத உறவு எது என்று கண்டுபிடிக்க இந்தச் சேவை எவ்வளவு உதவுகிறது?

நட்சத்திரத்தில் நன்றாக உதவுகிறது. கோத்திரத்தில் அரைகுறை. பங்காளி முறையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ரத்த உறவின் மருத்துவ ஆபத்தில் அறவே இல்லை. இந்த நான்கு விலக்குகளும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. ஒன்றில் தேறியவர் இன்னொன்றில் தேறியதாக ஆகாது. ஆனால் மையத்தின் பிரிண்ட் அவுட்டில் “பத்துக்கு எட்டுப் பொருத்தம்” என்று ஒரே எண்ணாக வந்துவிடுகிறது. குடும்பங்களும் அதோடு விசாரணையை முடித்துக்கொள்கின்றன.

முதலில் நட்சத்திரம். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை ஆகிய பத்தையும் மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். டெல்டாவில் வரனைத் தள்ளுவது பெரும்பாலும் ரஜ்ஜுதான். 27 நட்சத்திரங்களும் ஐந்து ரஜ்ஜுவாகப் பிரிகின்றன. மிருகசீரிஷம், சித்திரை, அவிட்டம் மூன்றும் சிரசு ரஜ்ஜு. மற்ற நான்கிலும் ஆறு ஆறு. இருவரும் ஒரே ரஜ்ஜுவானால் “ரஜ்ஜு தட்டுது” என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே கூட்டத்துக்குள் கொள்வினை கிடையாது என்ற குடும்ப விதி எப்படி இயங்குகிறதோ, ரஜ்ஜுவும் அப்படியே இயங்குகிறது. பங்காளிக்குப் போட்ட அச்சை நட்சத்திரத்துக்கும் போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

இங்கே கோளாறு நேர்வது பஞ்சாங்கத்தில். தாத்தா காலத்தில் கையால் எழுதிய ஜாதகம் பெரும்பாலும் வாக்கியக் கணிதம், அதாவது பழைய வாய்பாட்டுக் கணக்கு. கம்ப்யூட்டர் போடுவது வழக்கமாகத் திருக்கணிதம், அதாவது இன்றைய வானியல் கணக்கு, லகிரி அயனாம்சம் என்ற ராசிச்சக்கரத் திருத்தத்தோடு. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை, ஒரு பாதம் 3 பாகை 20 கலை. ஒரு பாதத்தைக் கடக்கச் சந்திரனுக்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும். நட்சத்திர எல்லையை ஒட்டிப் பிறந்தவருக்கு ஒரு கணிதத்தில் ரோகிணி நான்காம் பாதம் வரும், இன்னொன்றில் மிருகசீரிஷம் முதல் பாதம் வரும். கண்டம் சிரசாகிவிடும், தட்டாத ரஜ்ஜு தட்டும். பெண்ணின் ஜாதகம் வாக்கியம், பையனுடையது திருக்கணிதம் என்று கலந்து போட்டுப் பொருத்தம் பார்ப்பது அன்றாடம் நடக்கிறது. இருவரின் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்து, ஒரே கணிதத்தில் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். பிரிண்டில் சந்திரனின் பாகை, கலை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நட்சத்திர எல்லைக்கு அரைப் பாகைக்குள் இருந்தால் அந்த முடிவை நம்பி வரனைத் தள்ளவும் வேண்டாம், முடிக்கவும் வேண்டாம். பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒத்துப்பார்த்த பிறகு பேசலாம்.

அடுத்து கோத்திரம். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். மென்பொருள் அதில் எழுதிய பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்வளவுதான். கோத்திர விதியைக் கடைப்பிடிக்கும் குடும்பங்களுக்கு இது போதாது. ஸ்ரீவத்சம் என்று ஒருவரும் வத்சம் என்று ஒருவரும் எழுதினால் இரண்டு கோத்திரம் என்று விட்டுவிடுகிறது. அதைவிடப் பெரிய ஓட்டை பிரவரம், அதாவது ஒவ்வொரு கோத்திரமும் தன் முன்னோராகச் சொல்லும் ரிஷிகளின் வரிசை. சாண்டில்யமும் காச்யபமும் பெயரில் வேறு, ஆனால் பிரவரத்தில் காச்யப ரிஷி இரண்டுக்கும் பொது. நைத்ருவ காச்யபமும் அப்படியே. பழைய விதிப்படி இவர்களுக்குள் சம்பந்தம் இல்லை. பிருகு, ஆங்கிரஸ வழிகளில் மட்டும் ஒரு ரிஷி பொதுவாக இருந்தால் போதாது, அதற்கு மேலும் பொதுவாக வர வேண்டும் என்ற தளர்வு உண்டு. அபிவாதயே (பெரியவர்களை வணங்கும்போது தன் பிரவரத்தையும் கோத்திரத்தையும் சொல்லும் வாசகம்) சொல்லத் தெரிந்த ஒருவரை இரு வீட்டிலும் பிரவரத்தை முழுதாகச் சொல்லவைத்து ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கோத்திரம் ஒன்று என்பதற்காகத் திருமணம் செல்லாது என்ற நிலை 1946லேயே சட்டத்தில் போய்விட்டது. அதைப் பொருட்படுத்துவதும் விடுவதும் குடும்பத்தின் விருப்பம்.

கோத்திரம் இல்லாத சமூகங்களுக்கும் அதே கட்டத்தை வைத்து “தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்று போடவும்” என்று குறிப்பு எழுதியிருப்பதுதான் படிவத்தின் மிக மோசமான பகுதி. எல்லோருக்கும் சிவகோத்திரம் என்றால் அந்தக் கட்டம் எதையும் பிரிக்காது. டெல்டாவின் பெரும்பாலான குடும்பங்களில் விலக்கைத் தாங்கி நிற்பவை பட்டப்பெயரும் வகையறாவும் கரையும் குலதெய்வமும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து போனதாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும் நகரத்தார் ஒன்பது கோயில் பிரிவை வைத்திருக்கிறார்கள். கள்ளர் குடும்பங்களில் பட்டப்பெயர் அந்த வேலையைச் செய்கிறது. சில மையங்கள் “குலதெய்வம்” என்று ஒரு வரி சேர்த்திருக்கின்றன, நல்லது. ஆனால் வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமியைக் குலதெய்வமாகக் கும்பிடும், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத குடும்பங்கள் ஏராளம். பெரிய கோயில் பெயரைச் சொன்னால் அதற்கு அப்பால், “ஊர் எல்லையில் உங்களுக்குத் தனியாக ஒரு சாமி உண்டா, படையல் யாரோடு சேர்ந்து போடுவீர்கள்” என்று கேட்டால்தான் கூட்டம் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கோத்திரம், பட்டப்பெயர், குலதெய்வம் மூன்றும் அப்பா வழியில் வருபவை. ஆகவே இவை மூன்றும் சேர்ந்தாலும் சித்தி மகளைப் பிடிக்காது. சித்தி வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டவர், அவர் மகளுக்கு அந்த வீட்டுக் கோத்திரம், அந்த வீட்டுக் குலதெய்வம். படிவத்தைப் பொறுத்தவரை சித்தி மகளும் மாமன் மகளும் ஒன்றே, இருவரும் “கோத்திரம் வேறு, பொருந்தும்”. டெல்டாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் ஒருத்தி தங்கை, இன்னொருத்தி முறைப்பெண் என்று தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது. பெற்றோருக்கு நேரே உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் என்றால் யாரும் ஏமாறப்போவதில்லை. இரண்டு தலைமுறை தள்ளிப்போய், ஒரு குடும்பம் சென்னையிலும் ஒரு குடும்பம் திருச்சியிலும் இருந்து, இருவரும் ஒரே செயலியில் பதிந்திருக்கும்போதுதான் சிக்கல். நிச்சயதாம்பூலத்தன்று ஒரு பாட்டி எழுந்து “நீ வடக்குத் தெருக் கமலா பேத்தியா? அப்போ இவனுக்குத் தங்கச்சி முறை ஆகுதே” என்று சொல்லி, சபை கலைந்த செய்திகள் எல்லாம் இந்த ஓட்டையில் பிறந்தவை.

முறை கணக்கிடுவது கடினமில்லை. பையன் பக்கத்திலிருந்து சொல்கிறோம். அப்பாவும் பெண்ணின் அப்பாவும் அண்ணன் தம்பி முறையானால் பெண் தங்கை. இருவரின் அம்மாக்களும் அக்கா தங்கை முறையானாலும் தங்கை. அப்பாவும் பெண்ணின் அம்மாவும் அண்ணன் தங்கை முறையானால் அவர் அத்தை, பெண் கட்டுகிற முறை. அம்மாவும் பெண்ணின் அப்பாவும் அக்கா தம்பி முறையானால் அவர் மாமன், அங்கேயும் கட்டுகிற முறை. இதுவரை எல்லோருக்கும் வரும். தடுக்கி விழுவது அடுத்த இரண்டில். அப்பாக்கள் இருவரும் மாமன் மச்சான் முறையானால், அப்பாவின் மச்சான் பையனுக்கு மாமன், அவர் மகள் முறைப்பெண். ஆனால் அப்பாவுக்குப் பெண்ணின் அம்மா முறைப்பெண்ணாக இருந்தால், அதாவது அப்பா கட்டியிருக்கக்கூடியவர் என்றால், அவர் பையனுக்குச் சித்தி முறை, அவர் மகள் தங்கை. “அப்பாவோட மாமன் வழிச் சொந்தம்தானே, கட்டலாம்” என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நான்கு தலைமுறைக்குக் கிளை வரைந்து, மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தால் மட்டுமே சரியான விடை கிடைக்கும். பாதியில் தாவினால் தப்பாகும்.

கிளை வரைய ஆள் இல்லாத வீடுகளுக்குச் சாவு வீட்டு வழக்கம் கைகொடுக்கும். “யார் இறந்தால் உங்களுக்குத் தீட்டு?”, “யார் சாவுக்கு அந்த வருஷம் பொங்கல் வைக்க மாட்டீர்கள்?” என்று கேட்டால் பதிலில் வருபவர்கள் பங்காளிகள். “யார் கோடி (சாவு வீட்டுக்குக் கொண்டுவரும் புதுத்துணி) கொண்டுவருவார்கள்?” என்று கேட்டால் வருபவர்கள் மாமன் மச்சான், சம்பந்தி வகை. குலதெய்வத்தின் பெயரை மறந்தவர்களுக்குக்கூடக் கடைசியாக எந்த வருஷம் பொங்கல் நின்றது, எதற்காக நின்றது என்பது நினைவிருக்கும். படிவத்தில் மதிப்புள்ள ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கலாம் என்றால் இதைத்தான் சேர்க்கச் சொல்வோம். பழைய தரகர்கள் இதைக் கேட்காமல் ஜாதகத்தைக் கையில் வாங்க மாட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே, இருக்கும் ஊர்களில் தரகருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

சித்தப்பா மகள் தங்கை, அத்தை மகள் மனைவி என்ற இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது? ரத்தத்திலிருந்து வந்ததாகப் பலரும் நம்புகிறார்கள். மையங்களில் நாடி என்ற இன்னொரு நட்சத்திரப் பொருத்தத்தைக் காட்டி, “நாடி ஒன்றானால் ரத்தம் ஒன்று” என்று விளக்கமும் சொல்கிறார்கள். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சித்தப்பா மகளும் அத்தை மகளும் மரபணுவில் ஒரே தூரம். எவரைக் கட்டினாலும் பிள்ளைக்கு வரும் உள்ளுறவு அளவு, அதாவது ஒரே முன்னோரின் ஒரே மரபணு அப்பா, அம்மா இரு வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு, 16இல் 1 பங்கு. ஆகவே விலக்கின் மூலம் உடலியல் ஆக முடியாது.

சொத்து என்பார்கள். நஞ்சை வெளியே போகாமல் இருக்க மாமன் மகளைக் கட்டினார்கள் என்பது டெல்டாவில் அடிக்கடி கேட்கும் விளக்கம். முறைப்பெண்ணை ஏன் விரும்பினார்கள் என்பதற்கு ஓரளவு பொருந்தும், பங்காளியை ஏன் விலக்கினார்கள் என்பதற்குப் பொருந்தாது. நிலத்தைப் பங்கு பிரிக்காமல் காக்க வேண்டுமென்றால் சித்தப்பா மகளைக் கட்டுவதுதான் மிகச் சுலபமான வழி. அரபு நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அப்படித்தான் செய்கிறார்கள். நாம் அதைச் செய்யவில்லை.

மானிடவியலில் வலுவான பதில் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் முன்வைத்த வாதம் இது: உடன்பிறந்தவளைக் கட்டாதே என்ற தடை, அவளை இன்னொரு வீட்டுக்குக் கொடு என்ற கட்டளையின் மறுபக்கம். அண்ணன் தங்கையைக் கொடுக்கிறான், அந்தக் கடன் அடுத்த தலைமுறையில் பெண்ணாகத் திரும்புகிறது. தாய்மாமன் சீர், காதுகுத்துக்கு மாமன் மடி, முறைமாமனைக் கேட்காமல் வெளியில் பெண் கொடுத்தால் வரும் சண்டை எல்லாவற்றையும் இது ஒரே மூச்சில் விளக்கிவிடுகிறது. இன்னொரு பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி டூமோன் 1953இல் தமிழ் உறவுப்பெயர்களையே எடுத்து, அவை கட்டும் முறை, கட்டாத முறை என்ற ஒரே கோட்டில் உலகத்தை இரண்டாகப் பிரிப்பதைக் காட்டினார். அதற்கும் முன்னால் 1871இல் அமெரிக்க மானிடவியலாளர் மார்கன், தமிழ் உறவுமுறையும் வட அமெரிக்காவின் இராக்குவாய் மக்களின் உறவுமுறையும் ஒரே அமைப்பில் இருப்பதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். வட இந்தியாவில் பெரும்பாலும் அப்பா, அம்மா இரு வழிச் சகோதரங்களும் விலக்கு. போதாயன தர்மசூத்திரமே மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தெற்கத்தி வழக்கம் என்று தனியாகக் குறிப்பிடுகிறது. படிவத்தின் கோத்திரக் கட்டம் அந்த வட மரபின் கருவி. நம்முடைய உறவுப்பெயர்களை அதற்குள் அடைக்க முடியாமல் போவதில் வியப்பில்லை.

உளவியல் வேறொரு பக்கத்தைத் தொடுகிறது. பின்லாந்துக்காரரான வெஸ்டர்மார்க் 1891இல் சொன்னது: சிறு வயதில் ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்தவர்களுக்குள் பெரியவர்களான பின் ஈர்ப்பு பிறப்பதில்லை, உறவு எதுவானாலும். இதை மறுத்தவர்களும் உண்டு. இயல்பாகவே வெறுப்பு இருந்தால் தடை எதற்கு, நெருப்பில் கை வைக்காதே என்று சட்டம் போடுகிறோமா என்று மானிடவியலாளர் ஃபிரேசர் கேட்டார். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்ட் 1913இல் அதையே பிடித்துக்கொண்டு, ஆசை இருப்பதால்தான் தடை வந்தது என்றார். பின்னால் வந்த சான்றுகள் வெஸ்டர்மார்க் பக்கம் சாய்கின்றன. இஸ்ரேலின் கூட்டுப்பண்ணைகளில் ஒரே குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள் தமக்குள் மணப்பது மிக அரிது, எவரும் தடுக்காதபோதும். தைவானில் மருமகளாக்கவே கைக்குழந்தையாக எடுத்து மகனோடு வளர்த்த பெண்களின் திருமணங்களை ஆர்தர் உல்ஃப் ஆராய்ந்தார். அவற்றில் மணமுறிவு அதிகம், குழந்தைகள் குறைவு.

இது டெல்டாவுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. அத்தை வீடும் மாமன் வீடும் ஒரே கூட்டுக்குடும்பமாக இருந்து, பையனும் பெண்ணும் கைக்குழந்தைப் பருவம் முதல் ஒரே பாயில் தூங்கி வளர்ந்திருந்தால், முறைப்பெண்தானே என்று முடித்துவைப்பது நல்லதில்லை. “கூடவே வளர்ந்தவ, தங்கச்சி மாதிரி” என்று பையன் சொல்வதைப் பெரியவர்கள் சாக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சாக்கு இல்லை. பெண் அப்படிச் சொன்னால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். ஆறேழு வயதுக்கு முன் இருவரும் எந்த வீட்டில் வளர்ந்தார்கள் என்று எந்த மையமும் கேட்பதில்லை. சொந்தத்தில் வரன் முடிக்கும் குடும்பம் இதைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புராணங்கள் இந்த எல்லையை இரு பக்கமும் காவல் காக்கின்றன. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் யமி தன் உடன்பிறந்த யமனை அழைக்கிறாள், யமன் மறுக்கிறான். அந்த மறுப்புதான் அந்தப் பாடலின் உயிர். நம் ஊர்ப் படித்துறைதோறும் அரசமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையார், அம்மாவைப் போலவே பெண் வேண்டும் என்று காத்திருப்பதாகப் பாட்டிகள் சொல்லும் கதையும் இந்த வகைதான். அந்தப் பெண் கிடைக்கவே மாட்டாள் என்பது கேட்கும் குழந்தைக்கும் புரிகிறது. கிரேக்கத்தின் ஈடிபஸ் தெரியாமல் எல்லையைத் தாண்டி அழிகிறான். பிள்ளையார் தாண்டாமல் ஆற்றங்கரையில் நின்றுவிடுகிறார்.

மறுபக்கம், கட்டும் முறையைப் புராணமே ஏற்பாடு செய்துகொடுக்கிறது. குத்தாலம் பக்கத்துத் திருமணஞ்சேரியில் பார்வதியின் அண்ணனாக நின்று திருமால் தாரை வார்க்கிறார். ஆகவே முருகனுக்கு அவர் தாய்மாமன், முருகன் மால்மருகன். கந்தபுராணம் இன்னும் ஒரு படி போய், தெய்வயானையும் வள்ளியும் முற்பிறப்பில் திருமாலின் மகள்களான அமுதவல்லியும் சுந்தரவல்லியும் என்கிறது. இந்திரன் வளர்த்த பெண், வேடர் குலத்துப் பெண் என்று இருவரும் வெளியாராக இருந்தும், கதை அவர்களை மாமன் மகள்களாக்கிய பிறகே திருப்தி அடைகிறது. அபிமன்யு பலராமன் மகளைக் கட்டும் கதை வியாசரிடம் இல்லை. தெற்கே சேர்ந்துகொண்டது அது. மாமன் மகள் இருக்க வெளியே ஏன் பெண் எடுத்தான் என்று இங்கே எவரோ கேட்டிருக்க வேண்டும்.

டெல்டாவிலேயே மதம் மாறினால் கோடும் மாறுகிறது. நாகூர், கூத்தாநல்லூர் முஸ்லிம் குடும்பங்களுக்குக் குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 23ஆம் வசனப் பட்டியல் அடிப்படை. அதில் பால்குடி உறவும் அடக்கம். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறப்புகளுக்குச் சமம், இதையும் எந்தப் படிவமும் கேட்பதில்லை. கத்தோலிக்கரில் பக்கவழி உறவில் நான்காம் படிவரை தடை. மாமன் மகள், அத்தை மகள் நான்காம் படி, அக்கா மகள் மூன்றாம் படி. ஆயரிடம் விதிவிலக்கு கேட்டுப் பெற வேண்டும், அதனால் ஓலை வாசிக்கும் (கோயிலில் திருமணத்தை அறிவிக்கும்) நாளுக்கு வெகுமுன்பே பங்குத்தந்தையிடம் போவது நல்லது. உடன்பிறந்தவர்களுக்கு விதிவிலக்கு ஒருபோதும் இல்லை.

மருத்துவப் பக்கத்துக்கு மையங்களிடம் பதில் இல்லை, இருப்பதாக அவர்கள் சொல்வதும் தவறு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 2019–21இல், தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. பிள்ளைக்கு வரும் உள்ளுறவு அளவு மாமன் மகள், அத்தை மகள் என்றால் 6.25 சதவீதம், அக்கா மகள் என்றால் 12.5 சதவீதம், அதற்கு அடுத்த தலைமுறைச் சொந்தமானால் 1.56 சதவீதம். சொந்தம் சொந்தமாகத் தொடர்ந்து முடித்த வீடுகளில் இது ஏறும். அக்கா மகளைக் கட்டியவரின் பெண்ணை, அந்த மனைவியின் கூடப்பிறந்த தம்பிக்கே கொடுத்தால், ஒரு வழியில் அவன் தாய்மாமன், இன்னொரு வழியில் அத்தை மகன். முறைப்படி இரண்டும் கட்டும் முறை. அளவோ 18.75 சதவீதம். முறை சரியென்று சொல்வது மருத்துவமும் சரியென்று சொல்வதாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

பயமுறுத்துவதும் சரியில்லை. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க 3 முதல் 4 சதவீத வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகள் சொந்தத்தில் அதற்கு மேல் சுமார் 1.7 முதல் 2.8 சதவீதம் கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே பிறவிச் செவிடு, காரணம் தெரியாத சிசு மரணம், மூளை வளர்ச்சிக் குறை, தசை நலிவு இருந்தால் கணக்கு முற்றிலும் மாறும். மரபணு ஆலோசகரிடம் மூன்று தலைமுறைக் கிளைப்படத்தோடு போக வேண்டும். முறை பார்க்க வரைந்த அதே படமே போதும், பிறந்து இறந்த குழந்தைகளையும் கலைந்த கருக்களையும் மறைக்காமல் சேர்த்தால் போதும். பெரியவர்கள் இதைத்தான் சொல்லத் தயங்குவார்கள். தாலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை நோய்க்கு இருவரும் முழு ரத்த எண்ணிக்கையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி பரிசோதனையும் செய்துகொள்ளலாம். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்குக் கீழே, எம்சிஎச் (அதிலுள்ள ஹீமோகுளோபின் அளவு) 27க்குக் கீழே இருந்து, ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் வந்தால் அவர் தாங்கி, அதாவது நோய் இல்லாமலே அதன் மரபணுவைச் சுமப்பவர். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 குறைத்துக் காட்டும், தாங்கி தப்பிவிடுவார். சோகை உள்ளவருக்கு அதைச் சரிசெய்த பிறகு மறுபடி எடுக்க வேண்டும். இருவரும் தாங்கியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு.

இந்த மையங்கள் பெரும்பாலும் சாதிவாரியாக நடக்கின்றன, படிவத்தின் முதல் கேள்வியே அது. பங்காளியைக் கட்டாதே என்பது குடும்பத்துக்கு உள்ளே எழுந்த விலக்கு, பெண்ணை வெளியே கொடு என்று சொல்வது. வேறு சாதியில் கட்டாதே என்பது நேர் எதிர்த் திசையில் இழுப்பது. இரண்டையும் “நம்ம முறை” என்று ஒரே மூச்சில் சொல்லும் பழக்கத்தை ஏற்க முடியாது. சாதி தாண்டிய வரனில் முறை தட்டுவதும் இல்லை, பங்காளி விசாரணையும் தேவையில்லை, உள்ளுறவு அளவும் ஏறுவதில்லை.

ஆக, மையத்துக்குப் போகும் வரிசையை மாற்றிக்கொண்டால் கொடுக்கும் பணத்துக்குப் பலன் உண்டு. ஜாதகத்தோடு தொடங்க வேண்டாம். நான்கு தலைமுறைக் கிளைப்படத்தை வீட்டிலேயே வரைந்து, தாத்தா பாட்டி நால்வரின் பிறந்த ஊரையும் எழுதி, அதன் நகலைப் படிவத்தோடு இணைக்க வேண்டும். ஸ்வீகாரம் போனவர், மறுதாரம் கட்டியவர் இருந்தால் குறிக்க வேண்டும். தத்துப் போனவருக்குப் பிறந்த வீட்டு விலக்கும் போன வீட்டு விலக்கும் இரண்டும் உண்டு. வரன் வந்ததும் எதிர் வீட்டுப் பெரியவரிடம் பேசித் தீட்டு, கோடி இரண்டையும் கேட்டுவிட்டு, அதில் தேறிய பிறகு ரஜ்ஜுவுக்குப் போகலாம். கிளைப்படத்தை வாங்கி வைத்துக்கொள்ளவே மறுக்கும் மையத்தில் பதிய வேண்டாம். செயலிகளில் இதற்கு இடமே இல்லை, முகவரி தேடித் தரும் வேலைக்கு மட்டும் அவை உதவும்.

சட்டத்தையும் கையோடு பார்த்துக்கொள்வது நல்லது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் அண்ணன் தங்கையின் பிள்ளைகளும் மாமனும் மருமகளும் தடை செய்யப்பட்ட உறவுகள்தான். தாய் வழியில் மூன்று, தந்தை வழியில் ஐந்து தலைமுறைவரை சபிண்டத் தடையும் (பொது முன்னோர் இருந்தால் வரும் தடை) உண்டு. இரண்டிலும் வழக்கம் அனுமதித்தால் விதிவிலக்கு உண்டு என்ற வாசகம்தான் டெல்டாவின் முறைப்பெண் திருமணங்களைக் காக்கிறது. அந்த வழக்கம் இல்லாத சித்தி மகள், பெரியப்பா மகள் திருமணம் செல்லாது. மீறினால் ஒரு மாதம்வரை வெறுங்காவல், 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதானால் அதன் முதல் அட்டவணையில் மாமன் மகளும் அத்தை மகளும் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவருக்காவது வழக்கம் அனுமதிப்பதைக் காட்ட வேண்டும். அறிவிப்புக்கே 30 நாள் ஆகும் என்பதால், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டு, எந்தச் சட்டத்தில் பதிவது என்று முடிவு செய்துகொள்ளவும்.